சூப்பர்வைசருக்குப் பிடிக்காத தரை

அந்த வீட்டுக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தரையைப் பார்த்தாக வேண்டும். தானாகப் பார்க்காவிட்டால் டைல்ஸ்காரர் பார்க்க வைத்துவிடுவார். "செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க" என்பார். சுத்தத்துக்காக அல்ல, வெறுங்காலோடு வந்தால்தான் அந்த வழவழப்பு தெரியும் என்பதற்காக. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே சுற்றுகிற காற்றாடி கீழேயும் சுற்றுவதைக் கண்டு ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டால் போதும், அவருக்கு இரண்டாவது தேநீரும் வந்துவிடும்.

டைல்ஸ் பதிப்பதுதான் அவர் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் நடக்கிற தரை தன் கையால் பதித்தது என்று சொல்லிக்கொள்வார். பாதி என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் சுத்தப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் அவர் கண் மனிதர்களின் முகத்துக்குப் போகுமுன் தரைக்குப் போய்விடும். மூலையில் உடைந்த டைல்ஸ் துண்டு வைத்து ஒப்பேற்றியிருந்தால் அந்த இடத்து முதலாளி மீதே அவருக்கு மரியாதை போய்விடும். இப்படிப்பட்டவருடைய சொந்த வீட்டில் பல வருஷம் வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது. போன வருஷம்தான் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பெரிய டைல்ஸ் வாங்கி, உதவிக்குக்கூட யாரையும் விடாமல், கூடம் முழுவதும் தானே பதித்து முடித்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரால் உட்கார முடியாது. தேநீரை நின்றுகொண்டே குடிப்பார். சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து போய்க் குழாயைச் சரியாக மூடிவிட்டு வருவார். "கீழ முள்ளா வச்சிருக்கு? செத்த நேரம் உட்காருங்களேன்" என்று மனைவி கத்துவாள். அவருக்குக் காலில் சக்கரம் என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். உண்மை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் மண்டியிட்டு வேலை பார்த்த முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க வேண்டும். அந்த எழுந்திருப்பதற்குப் பயந்துதான் அவர் உட்காராமல் அலைந்துகொண்டிருந்தார். வேலையில் மண்டியிடும்போது பஞ்சு வைத்த முழங்கால் மெத்தை கட்டிக்கொள்வார், சுவரையோ பக்கெட்டையோ பிடித்து எழுந்துவிடுவார். வீட்டில் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாளே, அங்கே எதைப் பிடித்து எழுந்திருப்பது?

இந்த மனிதரிடம்தான் இரண்டு முயல்கள் வந்து மாட்டிக்கொண்டன. முயல் வேண்டும் என்று அழுது புரண்டு வாங்கியது மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "நானே பார்த்துக்குவேன், நானே கூட்டிப் பெருக்குவேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு படிப்பு, வெளியூரில் வேலை என்று அவள் போய்விட்டாள். சத்தியமும் முயல்களும் அப்பாவிடம் தங்கிவிட்டன.

வெள்ளை முயலுக்கு மாவு என்று பெயர். சாம்பல் நிறத்து ஆண் முயலுக்குச் சூப்பர்வைசர் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. டைல்ஸ்காரர் வீட்டில் எந்த வேலை செய்தாலும் அவன் வந்துவிடுவான். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று பார்ப்பான், மூலை மூலையாக மோந்து பார்ப்பான், திருப்தி இல்லையென்றால் பின்னங்காலால் தரையில் டம்மென்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். சமையலறையில் ஒரு வரிசையை அவர் பதித்தபோது அவன் அப்படித் தட்ட, மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் நிஜமாகவே ஒரு ஓரம் தூக்கியிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அவன் மீது ஒரு பயம் கலந்த மரியாதை. அவரை வேலை வாங்கிய எந்தச் சூப்பர்வைசரும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

இரண்டுக்கும் வயதாகிவிட்டது. முயலுக்கு வயதாவது சட்டென்று தெரியாது, மனிதரைப் போல முடி நரைத்துக் காட்டாது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பிக்கும். ஒரு கண்ணில் லேசாகப் பால் நிறத்தில் படலம் படியும். ஓட்டம் குறைவதால் நகம் தேயாமல் வளர்ந்துவிடும். திரும்பிக் குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் பின்பக்கம் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். டைல்ஸ்காரர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, ஈரம் போகத் துவட்டி, நகம் வெட்டி, கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி வைப்பார். முயல்கள் சிறுநீர் கழிக்கிற பெட்டியின் விளிம்பைத் தாண்ட முடியவில்லை என்றதும், டைல்ஸ் அறுக்கிற மிஷினை எடுத்து அதற்கு ஒரு வாசல் வெட்டிக் கொடுத்தார். "எனக்கு ஒரு அலமாரி அடிச்சுக் கொடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன்" என்றாள் மனைவி. அவர் வெட்டிய ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாவு போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் ஒரு கட்டி, அதுவும் பெரியது. துணை போனது தெரியட்டும் என்று கால்நடை டாக்டர் சொன்னபடி, உடலைக் கொஞ்ச நேரம் சூப்பர்வைசர் பக்கத்தில் வைத்தார்கள். அவன் மோந்து பார்த்தான், அவள் காதை நக்கினான், தலையைத் தன் தலையால் முட்டி எழுப்பிப் பார்த்தான். பிறகு திரும்பிக் கூடத்தின் ஒரு மூலைக்குப் போய், அங்கே கிடந்த பழைய மிதியடி மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

கூடத்தின் எதிர்க்கோடியில், ஜன்னலுக்குக் கீழே, காய்ந்த புல்லும் தண்ணீரும் இருக்கும். எப்போதும் அங்கே போய்த்தான் தின்பான். இப்போது போகவில்லை. புல்லைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக வைத்தால் இரண்டு இழை இழுப்பான், அவ்வளவுதான். முயல் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று டைல்ஸ்காரருக்கு நன்றாகத் தெரியும். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், பிறகு ஓட வைப்பது கஷ்டம். மாவைப் புதைத்த கை காயவில்லை, இவனையும் புதைக்க அவருக்குத் தெம்பு இல்லை. தெம்பு இல்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் அது காலில் இறங்கிவிட்டது. முன்னைவிட இரண்டு மடங்கு அலைய ஆரம்பித்தார்.

வேலை இடத்திலிருந்து மனைவிக்குப் போன் செய்வார். அவள் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சுற்றிலும் மிஷின் இரைச்சல்.

"சாப்பிட்டானா?"

"யாரு?"

"யாருன்னா? அவன்தான்."

"ஏங்க, நான் இங்க ஹோட்டல் துண்டோட மல்லுக்கட்டிட்டிருக்கேன். அவன் அங்க வீட்ல இருக்கான். அவன் சாப்பிட்டானா இல்லையான்னு எனக்குக் கனவா வரும்?"

"சரி சரி, வை" என்று வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். போய்ப் பார்த்தால் அவன் அதே மிதியடி மேல், அதே இடத்தில் இருப்பான். புல்லும் வைத்தது வைத்தபடி கிடக்கும். திரும்பி வந்து வேலையில் கை வைத்தால் மனம் நிலைகொள்ளாது. ஒரு நாள் பூ டிசைன் போட்ட டைல்ஸில் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டார். வேலைக்கு வந்த காலத்திலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை. யாரும் பார்க்குமுன் பெயர்த்து எடுத்துவிட்டார் என்றாலும், அன்றைக்கு முழுக்க அவருக்குக் காது சூடாகவே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். சும்மா இருந்தால் மூலையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் தரையைத் துடைப்பார். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு கடையில் விற்கிற பாலிஷ் தண்ணீர். நீளக் கம்பு மாட்டிய துடைப்பானை நின்றபடியே தள்ளித் தள்ளிக் கூடம் முழுக்கத் தேய்ப்பார். முழங்காலுக்கும் தொல்லை இல்லை, மனதுக்கும் கொஞ்சம் மறதி. கவலை ஏற ஏறத் தரையின் பளபளப்பும் ஏறியது. மனைவி ஒருமுறை கை கழுவ ஓடினவள் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள்.

"என்னைக் கொல்லணும்னா நேரா சொல்லிடுங்க, எதுக்கு இவ்வளவு பாலிஷ்?"

"பார்த்து நடக்கணும்" என்றார் அவர். அந்தத் தரையைப் பார்க்க ஒருவர் வரவிருந்தார் என்பதும் அவர் மனதில் இருந்தது. புது வீடு கட்டுகிற ஒரு அம்மாள், வேலையை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "என் வீட்டுத் தரையை வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று மார் தட்டி அழைத்துவைத்திருந்தார். மூன்று மாடி வீடு. கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை.

சூப்பர்வைசரைக் கூடையில் வைத்து டாக்டரிடம் எடுத்துப் போனார்கள். மனைவியும் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்தாள். அவர் மட்டும் போனால் டாக்டர் சொல்வதில் பாதியை வழியில் கொட்டிவிடுவார் என்பது அவள் கட்சி. டாக்டர் இளம்பெண். முயலின் இடுப்பை விரலால் தடவிப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டினாள், பாதத்தைத் திருப்பி, முடி உதிர்ந்து சிவந்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"துக்கம் இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. மூட்டு தேய்ஞ்சிருக்கு. இவனுக்கு நல்ல வலி இருக்கு."

"வலியா? ஒரு சத்தம் போடலையே டாக்டர்."

"முயல் சத்தம் போடாது. வலின்னு காட்டிக்கிட்டா யாராவது பிடிச்சுத் தின்னுடுவாங்கன்னு பயம். அதனால வெளிய தெரியாம மறைச்சு வச்சுக்கும்."

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வீட்ல இந்த ரகம் இன்னொண்ணு இருக்கு டாக்டர். இது உட்கார்ந்தா எழுந்திருக்காது, அது எழுந்தா உட்காராது."

டைல்ஸ்காரர் சுவரில் ஒட்டியிருந்த நாய் படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"வலிக்குச் சொட்டு மருந்து தரேன்" என்றாள் டாக்டர். "ஆனா இவன் நடக்கணும். உடம்பு அசைஞ்சாத்தான் குடலும் அசையும். வீட்ல தரை எப்படி?"

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. டைல்ஸ்காரர் நிமிர்ந்து நின்றார். கூடைக்குள் முயல் சாகக் கிடக்கிறது என்பதுகூட அந்த நொடியில் மறந்துபோயிற்று.

"தரையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க. ஒரு கோலிக்குண்டை வச்சா வச்ச இடத்துலயே நிக்கும், அவ்வளவு மட்டம். இணைப்புல கை வச்சுத் தடவினா எங்க முடிஞ்சுது எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியாது. நீங்க ஒருநாள் வந்து பாருங்களேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "அப்ப சரி. படுக்க மெத்துன்னு ஏதாவது போட்டுக் கொடுங்க" என்று மருந்தை எழுதிக் கொடுத்தாள். பாவம், அவள் கேட்டது ஒன்று, இவர் சொன்னது ஒன்று. மனைவிக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் அதற்குள் வெளியே காத்திருந்த பூனை கத்த, அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

படுக்கத்தானே சொன்னாள் என்று, மிதியடிக்குப் பதில் ஒரு சின்ன மெத்தையே மூலையில் போட்டுக் கொடுத்தார். சொட்டு மருந்து போனது. சூப்பர்வைசரின் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, காது நிமிர்ந்தது. ஆனால் நடக்கவில்லை. புல்லைப் பொடி செய்து தண்ணீரில் கூழாகக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். அதற்கு அவர் ஒரு முக்காலியைக் கண்டுபிடித்திருந்தார். அதில் பாதி உட்கார்ந்த மாதிரியும் பாதி நின்ற மாதிரியும் இருக்கலாம். சிமெண்டில் வெடித்த விரல்களால் முயலின் தாடையைத் தாங்கிப் பிடிப்பார். பாதி உள்ளே போகும், பாதி அவர் சட்டையில் வழியும். முடிந்ததும் சூப்பர்வைசர் அந்த விரலை ஒருமுறை நக்குவான். அவன் அப்படி ஒருமுறை நக்குவதற்காகவே அவர் மறுபடி மறுபடி கூழ் குழைத்தார்.

மகள் வீடியோ காலில் பேசினாள். போனை மூலைக்குக் காட்டினார்.

"அப்பா, அவனுக்கு வயசாயிடுச்சுப்பா. மருந்து, சிரிஞ்சுன்னு படுத்தாதீங்க. நிம்மதியா இருக்க விடுங்க."

"ஒரே இடத்துல அசையாம கிடக்கிறதுதான் நிம்மதியா? போடி போ."

"நான் அழுதுடுவேன்பா."

"அழாத. நல்லாத்தான் இருக்கான். இன்னிக்குக் காதை ஆட்டினான்" என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு பாலிஷ் டப்பாவைத் தேடினார். காலியாகியிருந்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார்.

மறுநாள் மத்தியானம். சிரிஞ்சில் புகட்டுகிற நேரம் தப்பிவிடுமே என்று வேலையைப் போட்டது போட்டபடி வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் முழங்கால் மெத்தையைக்கூடக் கழற்றவில்லை. அதன் வார் பின்முழங்காலை அறுத்தது. கூடத்துக்குள் வந்ததும் இரண்டையும் அவிழ்த்துத் தரையில் வீசிவிட்டு, கூழ் குழைக்கச் சமையலறைக்குப் போனார். ஒன்று மூலைப் பக்கம் போய் விழுந்தது, மற்றது அதற்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் மூலையில் இல்லை. முதல் முழங்கால் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தான்.

சிரிஞ்சைப் பிடித்தபடி அவர் அப்படியே நின்றார். அவன் கழுத்தை நீட்டி அடுத்த மெத்தையை மோந்தான். முன்னங்காலைத் தரையில் வைத்தான். உடனே எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். உடம்பை இழுத்துத் தாவப் பார்த்தபோது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து, எண்ணெயில் வைத்தது போல வழுக்கிக்கொண்டு போயின. வயிறு தரையில் மோதியது. பதறிப்போய், நகத்தால் கீறிக் கீறி, முதல் மெத்தைக்கே ஏறிக்கொண்டான். அவன் விலா வேகமாக ஏறி இறங்கியது.

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். காற்றாடி கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

அவனுக்கு நடக்க மனம் இல்லாமல் இல்லை. கால் வைக்க இடம் இல்லை. வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு கண்ணாடி மேல் நடக்க அவனால் முடியவில்லை. முயலின் உள்ளங்காலில் நாய், பூனை மாதிரி மெத்து கிடையாது, வெறும் முடிதான். மாவு போன துக்கத்தில் கிடக்கிறான் என்று எல்லோரும் நினைத்திருக்க, இவர் சாயங்காலம் சாயங்காலம் பாலிஷ் போட்டு அவனை அந்த மூலையில் சிறை வைத்திருக்கிறார். டாக்டர் கேட்டாளே! வாயைத் திறந்து, தரை எப்படி என்று கேட்டாளே! கோலிக்குண்டாம் கோலிக்குண்டு.

அவர் மண்டியிட்டார். மெத்தை கட்டாத வெறும் முழங்கால் டைல்ஸில் பட்டபோது உச்சி வரைக்கும் சுரீரென்றது. இரண்டாவது மெத்தையை முதலாவதோடு ஒட்டி வைத்தார். சூப்பர்வைசர் ஒரு காலை வைத்தான், அழுத்திப் பார்த்தான், ஏறிவிட்டான். காலியான மெத்தையை எடுத்து முன்னால் வைத்தார். ஏறினான். மறுபடி பின்னால் இருந்ததை முன்னால் வைத்தார். மறுபடி ஏறினான். மெத்தைக்கு மேல் முயலும், பக்கத்தில் தவழ்கிற மனிதருமாக இரண்டு கிழங்கள் கூடத்தைக் கடந்தன. ஜன்னலுக்குக் கீழே வந்ததும் அவன் புல்லுக்குள் முகத்தை நுழைத்தான். கரகரவென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டைல்ஸ்காரர் அழுதார். யாரும் இல்லாத வீடு, அதனால் நன்றாகவே அழுதார்.

பிறகு சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டானா இல்லையான்னு கேக்காதீங்க" என்றாள் எடுத்தவுடனே.

"சாப்பிடறான். இந்தா, ஹோட்டல்ல குளிச்சுட்டுக் கால் வைக்கிற தடித் துண்டு, நைஞ்சு போனதெல்லாம் அங்க மூட்டையா கிடக்கும்னு சொல்லுவியே. கேட்டுக் கொண்டா."

"எத்தனை?"

"கூடம் முழுக்க."

 "உடம்பு சரியாத்தானே இருக்கு உங்களுக்கு?" என்றாள்.

தரையை மூடுகிறவர்களை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவர் அவர். நல்ல தரை மேல் கம்பளம் விரித்த வீட்டைப் பார்த்தால், தரைக்குக் குளிர் அடிக்குதா என்று கேட்பார். அந்த மனிதர் அன்று சாயங்காலம் சலவைச் சோடா கரைத்த தண்ணீர் வைத்துத் தன் பாலிஷைத் தானே தேய்த்து எடுத்தார். வழுக்காமல் இருக்க ரப்பர் வலையை அடியில் விரித்து, அதன் மேல் துண்டுகளைப் பதித்தார். ஆமாம், பதித்தார். சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நடுமையம் பார்த்து, இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு துண்டு வருகிற மாதிரிக் கணக்குப் போட்டார்.

"துணி விரிக்கறதுக்கு எதுக்குங்க நூல்?" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கோணலா போட்டா அவன் ஒத்துக்க மாட்டான்."

சிரித்துக்கொண்டே அவள்தான் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தாள். பிரிந்த நூலைக் கடித்து விழுங்கினால் முயலுக்குக் குடல் அடைத்துவிடும். முடித்ததும் சூப்பர்வைசர் ஒவ்வொரு மூலையாகப் போய் மோந்தான். நின்றான். நடந்தான். நடுக்கூடத்தில் பின்னங்காலைத் தூக்கி ஒரு தட்டு தட்டினான். துண்டில் சத்தமே வரவில்லை. அவனுக்கே அது வினோதமாக இருந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் தின்றான். சிரிஞ்ச் தேவைப்படவில்லை. ஆனாலும் டைல்ஸ்காரருக்கு நிம்மதி வரவில்லை, அவர் ஜாதகத்தில் அது இல்லை. அடுத்த கவலை தயாராக இருந்தது. அந்த அம்மாள் தரை பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"ஒரு மணி நேரம் சுருட்டி வைங்க" என்றாள் மனைவி. "அவனை மூலையில மெத்தை மேல விட்டுடலாம். அவங்க பார்த்துட்டுப் போனதும் மறுபடி விரிச்சுக்கலாம். மூணு மாடிங்க."

நியாயமான பேச்சு. வாசல் பக்கத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்தார். இரண்டு வரிசை சுருட்டியிருப்பார், நிமிர்ந்து பார்த்தார். நடுக்கூடத்தில் சூப்பர்வைசர் பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டி, வயிறு தெரிய விழுந்து கிடந்தான்.

"போயிட்டான்" என்றார். 

மனைவி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். "பதறாதீங்க. மூக்கைப் பாருங்க."

மூக்கு ஆடியது. காது ஒருமுறை துடித்தது. தூங்குகிறான். பயம் இல்லாத முயல்தான் அப்படி உடம்பைக் கொட்டித் தூங்கும். மாவு இருந்த காலத்தில், பழைய சிமெண்டுத் தரையில், இரண்டும் அப்படித்தான் கிடக்கும். புதுத் தரை போட்ட பிறகு அவன் அப்படிப் படுத்து அவர் பார்த்ததே இல்லை. அதையும் அவர் கவனித்திருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருட்டியதைச் சத்தம் இல்லாமல் மறுபடி விரித்தார்.  மனைவி மூன்று மாடி என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்து, சுற்றும் முற்றும் பார்த்தாள். வெளுத்துப் போன துண்டுகளும், நடுவில் தூங்குகிற ஒரு முயலும் இருந்தன.

"மேஸ்திரி, தரையைக் காட்டறேன்னீங்களே. எங்க?"

"கீழதாம்மா இருக்கு."

கதவோரத்தில் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து அந்த ஒரு கையகலத்தைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். முயல் கடிக்குமா என்று கேட்டாள். தேநீர் குடித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள்.

"சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி.

"தெரியும்."

அவருக்கு வலிக்கத்தான் செய்தது. அந்தத் தரையைப் பார்த்து அந்த அம்மாள் அசந்து நிற்பாள் என்று எத்தனை நாள் காத்திருந்தார்! வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். குழாயை மூடிவிட்டு வந்தார், அது மூடித்தான் இருந்தது. அதற்குள் சூப்பர்வைசர் விழித்துக்கொண்டு, உடம்பை முறித்து, மெல்ல மெல்ல நடந்து வந்து அவர் கால் கட்டைவிரலில் மூக்கை வைத்தான். தலையைத் தடவு என்று அர்த்தம். நின்றுகொண்டே முயலைத் தடவ முடியாது. மேலிருந்து ஒரு கை இறங்கினால் பருந்து என்று நினைத்துப் பயந்துவிடும். அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

டைல்ஸ்காரர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் முனகின. துண்டு மெத்தென்று இருந்தது. சூப்பர்வைசர் அவர் உள்ளங்கைக்குக் கீழே தலையை நுழைத்து, கண்ணை மூடி, தரையோடு தரையாகப் படுத்தான். நெற்றியிலிருந்து காது வரை தடவினார். கையை எடுத்தால் மூக்கால் முட்டினான். மறுபடி தடவினார். தேநீர் ஆறிப்போயிற்று. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

"சாப்பாடு எடுத்து வச்சாச்சு, வாங்க" என்றாள் மனைவி.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை ஊன்றினார், இடது முழங்கால் பூட்டிக்கொண்டது. பிடித்துக்கொள்ளச் சுவரும் கிட்டே இல்லை, நடுக்கூடத்தில் மாட்டிக்கொண்டார். "நீ போ, இவனைக் கொஞ்சிட்டு வரேன்" என்று சொல்லலாம். வழக்கமாக அப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

மனைவி போகவில்லை. கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு வந்தாள், ஆனால் கை நீட்டவில்லை. அவருக்கு எதிரே துண்டின் மேல் உட்கார்ந்து, அவருடைய இடது முழங்காலின் மேல் தன் கையை வைத்தாள்.

"வலிக்குதா?"

அவர் முயலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார், அதில் பார்ப்பதற்கு இப்போது ஒன்றும் இல்லை.

"வலிக்குது" என்றார்.